கத்திரி வெயிலில் கரைவெட்டி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் மே மாதம் வேனில் போகிறவர்களுக்கு ஜன்னலை மூடுவதா திறப்பதா என்பது ஊர் போய்ச் சேரும்வரை தீராத சிக்கல். மூடினால் புழுக்கம், திறந்தால் சுண்ணாம்புப் புழுதி. எதிரே சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக வருகின்றன. இரண்டு பக்கமும் பருத்தி மாறைப் பிடுங்கிய கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மக்காச்சோளத் தட்டை அடுக்கிய போர்களைத் தவிரக் கண்ணுக்கு உயரமாக எதுவும் இல்லை. ஆனால் சாலையோரத்து ஓடைகளிலும் குளங்களிலும் மட்டும் பச்சை. அத்தனையும் சீமைக்கருவேலம்.

எங்கள் வேனில் பதினொன்றாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்த பிள்ளைகள் முப்பதுக்குச் சற்று மேல். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் என்.எஸ்.எஸ். மாணவர்கள். அழைத்துப் போனவர் அந்தப் பள்ளியின் திட்ட அலுவலர், என் நண்பர். பிள்ளைகளுக்கு அவர் ‘பி.ஓ. சார்’. நானும் கல்லூரியில் நெடுங்காலம் அந்தப் பொறுப்பில் இருந்தவன் என்பதால், “வெயில்ல வேலை வாங்கத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும், வாங்க” என்று கூப்பிட்டுவிட்டார். சாத்தனூர் கல்மரப் பூங்காவில் ஒரு நாள் துப்புரவு, அதன்பின் கரைவெட்டி பறவைகள் சரணாலயத்தில் சில நாட்கள் சீமைக்கருவேலங்கன்று பிடுங்கும் வேலை. வனத்துறையின் அனுமதிக் கடிதம் அவருடைய சட்டைப் பையில் நான்காக மடிந்து இருந்தது.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவர்களோடு தொடங்கியது. ஏழு நாள் சிறப்பு முகாம் என்றால் இன்று தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்கும் விளக்கம் தேவையில்லை. கோயில் பிராகாரத்தைக் கூட்டுவார்கள், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், மாலையில் விழிப்புணர்வு நாடகம் போடுவார்கள். பேனர் கட்டி, விருந்தினருக்குச் சால்வை போர்த்தி, துடைப்பத்தோடு நின்று படம் எடுத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நானே எத்தனையோ பேனருக்குக் கயிறு கட்டியிருக்கிறேன். ஆனால் கூட்டின இடத்தில் மறுநாளே குப்பை விழும். பிள்ளைகளுக்கும் அது தெரியும். தாங்கள் செய்வது வேலையா, வேலை மாதிரியா என்று பதினாறு வயதுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதா?

சாத்தனூருக்கு விடிந்தும் விடியாமலும் போய்ச் சேர்ந்தோம். ஆலத்தூர் வட்டத்தில் வயல்வெளிகளுக்கு நடுவே இருக்கிற ஊர். பெயர்ப்பலகையைப் பார்த்து வருகிறவர்கள் காடு போலக் கல்மரங்கள் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். கிடப்பது ஒரே ஒரு பெருமரம்தான். பதினெட்டு மீட்டர் நீளம், ஓடைப் பள்ளத்தில் படுத்துக் கிடக்கிறது. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் இதை உலகுக்குச் சொன்னார். பின்னாளில் அந்தத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர் அவர்தான். வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டு என்கிறார்கள். பூக்கும் தாவரங்கள் மேலோங்குவதற்கு முன்னால் பூமியை நிறைத்திருந்த ஊசியிலை இனம். அப்போது கடல் இந்தப் பக்கம்தான் இருந்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரம் கடலோரச் சேற்றில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு துளையிலும் கனிமம் ஏறி, உருவம் மாறாமல் கல்லாகிவிட்டது. கடல் பின்வாங்கி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது, மரம் இங்கேயே தங்கிவிட்டது.

“அப்ப எங்க ஊரு கடலுக்குள்ள இருந்துச்சா சார்?” என்று ஒரு பையன் கேட்டான்.

“உங்க ஊரு மட்டுமில்ல, நாம வந்த ரோடு, அந்த சிமென்ட் ஆலை எல்லாமே” என்றேன். அரியலூரில் இத்தனை சிமென்ட் ஆலைகள் இருப்பதற்கும் இந்த மரத்துக்கும் காரணம் ஒன்றுதான். கிரெட்டேசியஸ் காலத்துக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நுண்ணுயிர்களும் செத்து அடுக்கடுக்காகப் படிந்ததுதான் இந்தச் சுண்ணாம்புக்கல். ஆங்கிலேயர்கள் 1840-களிலேயே இங்கே புதைபடிவங்களைப் பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு வந்த பிளான்ஃபோர்டு பாறை அடுக்குகளைப் பிரித்து, ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே சூட்டினார். உலகத்தில் எந்த நிலவியல் மாணவன் கிரெட்டேசியஸ் கடலைப் படித்தாலும் ஊட்டத்தூர் என்ற பெயரை ஒருமுறையாவது உச்சரித்தாக வேண்டும். பாடாலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது அத்தை வீடு இருக்கிற ஊர்.

இங்கே வேலை எளிது: பாதையோரத்து பிளாஸ்டிக்கைப் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். விதி ஒன்றே ஒன்று, கல்லில் கை வைக்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிற அந்த விதிதான் சிரமப்படுத்தியது. குனிந்து தண்ணீர்ப் பாக்கெட் உறையை எடுக்கிற கைக்குப் பக்கத்தில் கிடக்கிற கல்லில் மர வரி தெரிகிறது. எடுத்துப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? “சார், இதப் பாக்கலாமா?” “பாரு.” “எடுக்கலாமா?” “கூடாது.” “எடுத்துட்டு வெச்சிரட்டுமா?” வெயில் ஏறுகிற வரை இதே உரையாடல் முப்பது வாயிலிருந்து முப்பது விதமாக வந்தது. அப்புறம் ஒரு பெண் சொன்னாள்: “இதுக்குப் போயி ஏன் சார்? எங்க கொல்லையில ஏரு ஓட்டுனா இந்த மாதிரி நெறய வரும். எங்கப்பா பொறுக்கி வரப்புல போட்டுருவாரு.”

அவள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. இந்தப் பகுதியில் வரகூர், ஆனைப்பாடி, சாரதாமங்கலம் என்று பல ஊர்களில் கல்மரத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. வேலிக்குள் இருப்பது ஒரு மரம், வேலிக்கு வெளியே கிடப்பதோ யாரும் எண்ணிப் பார்க்காதது. குன்னம் பக்கத்தில் 2020-இல் குளத்தை வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கல் வந்ததும், டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்க ஒரே பரபரப்பு. நிலவியல் அறிஞர்கள் வந்து பார்த்துவிட்டு, அவை முட்டையல்ல, நத்தைபோலச் சுருண்ட ஓடுடைய அம்மோனைட் என்ற கடலுயிரைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள் என்றார்கள். ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்கென்னவோ அம்மோனைட்டும் குறைந்த சரக்காகத் தெரியவில்லை.

நிஜமான டைனோசரும் இந்த மண்ணில் உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் தோண்டி எடுத்த எலும்புகளை வைத்து 1987-இல் பிருஹத்காயோசரஸ் என்ற பெயர் சூட்டினார்கள். அளவுகளைப் பார்த்தால் பூமியில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் இன்று போய்ப் பார்க்க அந்த எலும்பு இல்லை. மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டு தாங்கியது, வெளியே வந்ததும் நொறுங்கத் தொடங்கி ஆய்வகம் போய்ச் சேராமலே அழிந்துவிட்டது. இதைச் சொன்னபோது பிள்ளைகளிடம் சத்தமே இல்லை. அதுவரை ஏதோ ஒரு கல்லைக் காலால் நெம்பிக்கொண்டிருந்த பையன் காலை எடுத்துக்கொண்டான்.

வழியில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் நண்பர். பசி அதற்கு இடம் கொடுக்கவில்லை. மருதையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மட்டும் நான் வேனை மெதுவாகப் போகச் சொன்னேன். 1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூருக்குப் பக்கத்தில் இந்த ஆற்று வெள்ளம் ரயில் பாதையை அரித்துவிட, தூத்துக்குடி போன விரைவு ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். “அவரா சார் ரயில் ஓட்டுனாரு?” என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். வேனே சிரித்தது. 2007-இல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானதும் அதே நவம்பர் 23-தான் என்று தெரிந்து நண்பர் வியந்துகொண்டே வந்தார்.

கீழப்பழுவூரில் சாலை பிரிகிறது. பழுவேட்டரையர்களின் ஊர். மேலப்பழுவூர்ப் பக்கம் கீழையூரில் இரட்டைக் கோயில் இருக்கிறது. பொன்னியின் செல்வன் படம் பார்த்த பிள்ளைகள் பெரிய பழுவேட்டரையரைப் பற்றி என்னிடம் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். இறங்கிப் பார்க்கலாம் என்றால், “வேலை முடிஞ்சு கடைசி நாள்” என்றார் நண்பர். முகாம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கண்டிப்பு வேண்டும், எனக்கு அது எப்போதுமே போதாது.

கரைவெட்டி ஏரியைப் படத்தில் பார்த்தவர்கள் மே மாதம் வந்தால் திகைத்துப்போவார்கள். 453 ஹெக்டேருக்கு மேல் பரந்த ஏரி. 1999-இல் சரணாலயமானது. 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வரும், ஊசிவால் வாத்து வரும், நீலச்சிறகி வரும், கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் கூட்டமாக இறங்கும். கோடையில் நாங்கள் பார்த்தது வெடித்த தரையும், நடுவில் கொஞ்சம் சேறும், அதில் நாலைந்து கொக்குகளும்தான். மேட்டூரில் திறந்த காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக ஆகஸ்ட் வாக்கில் எட்டிப் பார்க்கும், பிறகு வடகிழக்குப் பருவமழை நிரப்பும். அதுவரை இது ஏரியல்ல, மேய்ச்சல் நிலம். சுற்றுவட்டத்து நெல்லும் கரும்பும் இந்தத் தண்ணீரை நம்பித்தான். பறவைகள் ஏரியின் விருந்தாளிகள், பாசனதாரர்கள் வீட்டுக்காரர்கள். இதை மறந்துவிட்டுச் சரணாலயம் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை.

வேலை காலை ஆறு மணி முதல் ஒன்பதரை வரை, மறுபடி மாலை நாலரைக்கு மேல். நடுவில் எவரையும் வெயிலில் விடுவதில்லை என்பது என் ஒரே நிபந்தனை. கத்திரி நடந்துகொண்டிருந்தது. மோரும், ஊறவைத்த வெள்ளரிப் பிஞ்சும், எலுமிச்சை சாதமும் பக்கத்து ஊர்ப் பள்ளி வராந்தாவில்.

முதல் நாள் காலை, கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பிள்ளைகள் பாய்ந்தார்கள். அரிவாள் கொடுக்கவில்லை, அது வனத்துறை போட்ட கட்டளை. சரியான கட்டளைதான், ஆபத்துக்காக மட்டுமல்ல. சீமைக்கருவேலத்தை வெட்டினால் போகாது. தரையோடு வெட்டிய இடத்திலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். சாண் உயரக் கன்றுக்குக்கூட வேர் முழ நீளம் போயிருக்கும். அதைச் சுற்றிக் கடப்பாரையால் நெம்பி, வேரோடு உருவ வேண்டும். மே மாதக் கரிசலில் அது கல் உடைக்கிற வேலை. அரை மணி நேரத்தில் உள்ளங்கை சிவந்து, ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு நாலு கன்று என்று கணக்கு இறங்கிவிட்டது.

கரையில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் வரப்பு ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர்களில் வயதான ஒருவர் இறங்கி வந்தார். “ஏ சாமி, கடப்பாரைய அப்புடியா புடிப்ப? கையி ரெண்டும் சேத்து வெச்சா தோள்பட்டை கழண்டுரும்” என்று ஒரு பையனிடமிருந்து வாங்கி, தூக்கவே தூக்காமல், விடுகிற மாதிரி விட்டார். இரும்பு தன் எடையிலேயே இறங்கியது. “நீ குத்தாத. அது போவட்டும்.” பிள்ளைகள் அவரை உடனே அப்பாயி ஆக்கிவிட்டார்கள். ரப்பர் செருப்பைத் துளைத்து ஒரு பெண்ணின் காலில் முள் ஏறியபோது ஊக்கால் நெம்பி எடுத்து, எருக்கம்பால் வைத்தவரும் அவர்தான். நாங்கள் கொண்டுபோன முதலுதவிப் பெட்டி பஞ்சுக்கு மட்டும் பயன்பட்டது.

அடுத்த சிக்கல் எதைப் பிடுங்குவது என்பது. ஏரிக்குள் நாட்டுக் கருவேலமும் இருக்கிறது. தமிழ்நாட்டு ஏரிகளில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டது, பறவை கூடு கட்டுகிற மரம், அதன்மேல் கை வைக்கக் கூடாது. வளர்ந்த மரத்தில் குழப்பமே இல்லை. நாட்டுக் கருவேலத்தில் மஞ்சள் பொட்டுப்போல உருண்டைப் பூ, மணி கோத்ததுபோல இடுங்கிய காய். சீமையில் வால்போலத் தொங்கும் வெளிர்பூ, மஞ்சளாகப் பழுக்கிற காய். கன்றில் பூவும் கிடையாது, காயும் கிடையாது. இரண்டுக்கும் முள் உண்டு. வனக்காவலர் ஒரு கொப்பை உடைத்துக் காட்டினார். சீமையின் இலைக்காம்பு ஒன்றிரண்டு சோடிக் கிளையாக மட்டும் பிரிந்து அதில் சிற்றிலை தொங்கும், நாட்டுக் கருவேலத்தில் அந்தச் சோடிகள் பலவாக, இலை மிகப் பொடியாக இருக்கும். கொல்லையில் கல்மரம் கிடைக்கிறது என்று சொன்ன பெண் இதைக் கேட்டுவிட்டு எல்லாருக்கும் ஒரு வாய்ப்பாடு செய்துகொடுத்தாள்: “கை கம்மியா இருந்தா பிடுங்கு, கை நெறய இருந்தா விடு.” அதன்பின் பிடுங்கும் வேகம் பாதியாகக் குறைந்தது, குனிந்து பார்ப்பது கூடியது. எனக்கு அதில் குறையே இல்லை.

இந்த மரம் காமராஜர் காலத்தில் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் விறகுப் பஞ்சத்துக்காக வெள்ளைக்காரன் 1870-களிலேயே சென்னை மாகாணத்துக்கு விதை தருவித்துவிட்டான். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 2017-இல் இதை ஒழிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது மாநிலமே அரிவாளைத் தூக்கியது. அந்த நாட்களில் அரியலூர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஜாமீன் கேட்டவர்களுக்கு நூறு சீமைக்கருவேல மரத்தை அகற்ற வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அதே ஆண்டில் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு, அறிவியல் ஆய்வு இல்லாமல் அடியோடு அழிப்பது சரியா என்ற கேள்வியில் இடைக்காலத் தடை விதித்தது. 2022-இல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்றே கொள்கை வெளியிட்டது. வழக்கும் வாய்தாவுமாக மனிதர்கள் அலைந்துகொண்டிருக்க, மரம் பாட்டுக்கு ஆட்டின் வயிற்றில் ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. காயைத் தின்ற ஆடும் மாடும் விதையைச் செரிப்பதில்லை. புழுக்கையோடு விழுந்த விதை, எருவும் சேர்ந்தே இருப்பதால், நன்றாகவே முளைக்கிறது.

“அந்தக் காய் இல்லன்னா கோடைக்கு எங்க ஆட்டுக்கு என்ன சார் போடுறது?” என்று கேட்டான் ஒருவன். வீட்டில் இருபது வெள்ளாடு. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். நண்பர் அவனுக்கு நிலத்தடி நீர் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கிட்டேன். ஏரிக்குள் வேண்டாம், பறவைக்கும் தண்ணீருக்கும் இடம் வேண்டும். உன் ஆட்டுக்குக் கொல்லையோரத்தில் இருக்கட்டும் என்றேன். அவன் முழுக்க ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் அன்றைக்கு அதிகம் பிடுங்கியது அவன்தான். கன்றின் அடியில் கையை எப்படி வைத்தால் முள் குத்தாது என்று ஆட்டுக்காரன் மகனுக்குத் தெரியும்.

இரண்டாவதோ மூன்றாவதோ இரவில் கோடைமழை கொட்டியது. வராந்தாவில் சாரல் அடித்து ஒருவரும் தூங்கவில்லை. விடிந்து ஏரிக்குள் இறங்கினால் மண் இளகி, நேற்று கடப்பாரைக்கு அசையாத கன்று இன்று கைக்கே வருகிறது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக நகர்ந்தார்கள். ஆணிவேர் அறாமல் முழுசாக உருவினால் அதைத் தூக்கிக் காட்டி அளப்பதும், அடுத்தவனுடையதோடு ஒப்பிடுவதும் தனிப் போட்டியாக நடந்தது. ஒரு ஜேசிபி ஒரு மணி நேரத்தில் செய்வதை இவர்கள் மொத்த முகாமிலும் செய்ய மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் ஜேசிபிக்கு எந்த இலையில் எத்தனை கை என்று தெரியாது. பெருமரத்தை இயந்திரம் சாய்க்கட்டும். அதன்பின் விதையிலிருந்து ஆயிரக்கணக்கில் முளைக்கிற பொடிக் கன்றுக்கு மழைக்கு மறுநாள் ஆள்தான் வேண்டும். வருஷா வருஷம் வேண்டும்.

அந்தக் காலையில்தான் ஆள்காட்டி கத்தியது. ஒரு சோடி. வரிசை நெருங்க நெருங்கத் தலைக்கு மேல் வட்டமடித்து, கீழே பாய்வதுபோலப் பாய்ந்து, ஒன்று சற்றுத் தள்ளிப்போய் இறங்கி வேறு இடத்தில் முட்டை இருக்கிற மாதிரி நடித்தது. காவலர் ஓடிவந்து வரிசையை நிறுத்தினார். “ஒருத்தரும் காலைத் தூக்கக் கூடாது. நின்ன எடத்துலயே கீழ பாருங்க.” முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு சரளைக்கற்களுக்கு நடுவில், சரளையின் நிறத்திலேயே, முனை உள்நோக்கி வைத்த நாலு முட்டை. ஒரு பையனின் பாதத்திலிருந்து இரண்டு அடி. சாத்தனூரில் கல்லைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் கல்லைப்போன்ற முட்டைக்கு முன்னால் அசையாமல் நின்றார்கள்.

சுற்றிக் குச்சி நட்டுத் துணி கட்டலாமா என்று கேட்டேன். காவலர் தலையாட்டினார். “வேணாம் சார். அடையாளம் வெச்சா காக்காய்க்கும் நாய்க்கும் நாமளே காட்டிக் குடுத்த மாதிரி.” வந்த தடத்திலேயே ஒவ்வொருவராகப் பின்னால் போய், அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டோம். சுத்தமாகப் பிடுங்கிய பரப்பின் நடுவில் ஒரு வீட்டு மனை அளவுக்குச் சீமைக்கருவேலங்கன்று தளதளவென்று நின்றது. “போட்டோவுல பாத்தா நாம வேலையே செய்யாத மாதிரி இருக்கும் சார்” என்று வருத்தப்பட்டான் முகாமின் புகைப்படக்காரன். அவன் எடுத்த படங்களிலேயே எனக்குப் பிடித்தது அந்த அரைகுறைப் பரப்புத்தான்.

மாலையில் மதகின் மேல் உட்கார்ந்து இதுபோன்ற முகாம்களின் கதை பேசினோம். 1920-இல், முதல் உலகப் போரில் நொறுங்கிப்போன வெர்டன் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பியர் செரசோல் என்ற சுவிஸ் பொறியாளர் சில நண்பர்களோடு மண்வெட்டி பிடித்துக் குடியிருப்புகளைத் திரும்பக் கட்டப் போனார். நேற்று வரை எதிரி நாட்டவர்களாக இருந்தவர்களும் சேர்ந்து வேலை செய்த முகாம் அது. அவரே 1934-இல் நிலநடுக்கத்துக்குப் பிறகு பீகாருக்கு வந்து கிராமங்களைக் கட்டினார். இன்னொரு பக்கம் அமெரிக்காவில், பெருமந்தக் காலத்தில் 1933-இல் ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞர்களை முகாம் போட்டு மரம் நடவும் பூங்காக்களில் பாதை செதுக்கவும் அனுப்பினார். ஒன்பது ஆண்டுகளில் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர். 1970-இல் அந்த எண்ணம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இறங்கி வந்தது. பதினைந்து முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்கள் கோடை விடுமுறையில் பூங்காக்களில் வேலை செய்வார்கள்.

“சும்மாவா?” என்றான் ஆட்டுக்காரர் மகன்.

“இல்ல. கூலி உண்டு.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கரையில் அப்பாயிக்குக் கூலி, அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கூலி, இவர்களுக்குச் சான்றிதழ். நண்பர் சேவை என்று தொடங்கிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். ஏனென்றால் முந்தின நாள்தான் ஒரு பையன் கேட்டரிங் வேலை கிடைத்ததென்று பாதியில் கிளம்பிப்போனான். முகூர்த்த நாள், கையில் காசு. இன்னும் இருவர் வீட்டில் சின்ன வெங்காயம் ஆயும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். இந்த மாவட்டங்களில் பதினாறு வயதின் கோடை என்பது வீட்டு வருமானத்தின் ஒரு பகுதி. சேவை மனப்பான்மை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரணாலயத்துக்கு ஆண்டுதோறும் தேர்ந்த கை தேவைப்படுகிறது, அந்தக் கை உள்ளூரிலேயே இருக்கிறது, அதற்குக் கூலி கொடுக்க ஒரு வழி இல்லை என்றால் குறை பிள்ளைகளிடம் இல்லை. பேனருக்கும் சால்வைக்கும் போகிற பணத்தை எண்ணினாலே கொஞ்சம் தேறும்.

கடைசி நாள் கீழையூர் இரட்டைக் கோயிலுக்குப் போனோம். அதைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். அதற்கு முன் காலையில் விட்டுப்போன வேலையைப் பற்றிக் காவலர், நண்பர், பிள்ளைகள் எல்லாரும் கரையில் நின்று பேசினார்கள். ஆள்காட்டி முட்டை பொரிய நாலு வாரம் ஆகும், குஞ்சு பிறந்ததுமே நடக்கும், அதன்பின் அந்தத் துண்டையும் பிடுங்கலாம். ஆனால் ஒரு மழைக்குப் பிறகுதான் வர வேண்டும். வாய்க்கால் தண்ணீர் வருவதற்கு முன்னாலும் வர வேண்டும். ஜூலையில் ஏதாவது ஒரு ஞாயிறு. மழை பெய்த மறுநாள் காவலர் போன் செய்வார். பன்னிரண்டாம் வகுப்பு, ஞாயிறும் ஸ்பெஷல் கிளாஸ் இருக்குமே என்று நண்பர் நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“பொம்பளப் பிள்ளைங்க நாங்க வந்துருவோம் சார். டவுன் பஸ்ல எங்களுக்கு ஃப்ரீ” என்றாள் கை எண்ணச் சொல்லிக்கொடுத்தவள். “பசங்களுக்குத்தான் ஞாயித்துக்கெழம பாஸ் செல்லாது. அவங்க டிக்கெட் காசு மட்டும் நீங்க குடுத்துருங்க.”

நண்பர் கணக்கு நோட்டை எடுத்து, ‘பேனர்’ என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘பஸ்’ என்று எழுதினார்.